நட்ட கன்றுகளுக்குக் கணக்கு எங்கே?



மட்டக்களப்பு வாவியைப் பார்த்திராதவர்கள்கூட 'மீன்பாடும் தேனாடு' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கடலை ஒட்டிக் கிடக்கும் நீர்ப்பரப்பு இது. புத்தகத்தில் எழுதுபவர்கள் வாவி என்பார்கள், களப்பு என்பார்கள். அதன் கரையில் வாழும் நாங்கள் 'ஆறு' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தக் கரையிலும் இதனை அடுத்தும் உள்ள சில ஊர்களின் பெயரைச் சற்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தாழங்குடா, நாவற்குடா, புளியந்தீவு, பூநொச்சிமுனை, வாழைச்சேனைப் பக்கம் போனால் கிண்ணையடி. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு செடியோ மரமோ இருக்கிறதல்லவா? அந்த இடத்தில் என்ன முளைத்து நிற்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர். நாமோ கன்று நடப் போனபோதுகூட அதைப் பார்க்கவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் என் பங்கும் இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடற்கோள் எங்கள் கரையோரத்தில் என்ன செய்தது என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. அதன் பிறகு 'கண்டல் காடு இருந்திருந்தால் அலையின் வேகம் குறைந்திருக்கும்' என்ற பேச்சு நாடெங்கும் எழுந்தது. விறகுக்காகவும், நிலம் நிரப்புவதற்காகவும், யுத்த காலத்தில் பாதுகாப்பு என்ற பெயரிலும் வெட்டப்பட்ட கண்டல்களை மீண்டும் வளர்க்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் பணத்தோடு வந்தன. நல்ல எண்ணம்தான். அப்போது நான் அரபுக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஒரு மத்ரஸாவில் ஓதிக்கொடுக்கத் தொடங்கியிருந்த இளைஞன். 2006ஆம் ஆண்டு ஆவணி வெயிலில் எங்கள் மாணவர்களையும் அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். நீர் வற்றி, சேறு வெளியே தெரிந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கண்டல் குச்சிகளைக் குத்தினோம். பதாகை கட்டியிருந்தார்கள், படம் எடுத்தார்கள், துஆ ஓதும் பொறுப்பு எனக்கு.

ஆறு மாதம் கழித்து ஒருவர் ஒரு தாளோடு வந்தார். கன்றுகள் நல்ல முறையில் வளர்ந்து வருகின்றன என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. ஊரைச் சேர்ந்த ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். நான் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

அதற்கும் பல மாதங்களுக்குப் பிறகு, வலை வீசி வந்துகொண்டிருந்த ஒரு காக்காவோடு அந்தப் பக்கம் நடக்க நேர்ந்தது. நாங்கள் நட்ட இடத்தில் வெளிறிப்போன குச்சிகள் மட்டும் நின்றன. சில இடங்களில் அதுவும் இல்லை. 'ஆடு மாடு கடித்திருக்குமோ?' என்று கேட்டேன். காக்கா சிரித்தார்.

"இது கண்டல் நிக்கிற இடமில்ல மௌலவி. மாரியில இதுக்கு மேலால தோணி ஓடும்."

சாட்சியம் சொல்வதைப் பற்றிக் கிதாபுகளில் பாடம் படித்தவன், பார்க்காததற்குச் சாட்சியாகக் கையெழுத்து வைத்திருக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வந்தது மரத்தின் மீதிருந்த பிரியத்தால் அல்ல, இந்த வெட்கத்தால்தான்.

எண்ணிப் பார்த்தவர்கள் கண்டது

நடந்தது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. ருகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கொடிகார என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இலங்கையின் கரையோரங்களில் கண்டல் நட்ட 23 இடங்களுக்கு நேரில் போய் எண்ணிப் பார்த்து, 2017இல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நட்டதாகச் சொல்லப்பட்டதில் உருப்படியாகக் காடு ஆனது 200 முதல் 220 ஹெக்டேயர்தான். அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. நட்டதில் பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கற்பிட்டி, பம்பளை, நீர்கொழும்பு ஆகிய மூன்று மட்டுமே. மூன்றும் மேற்குக் கரை.

ஏன் இப்படி ஆயிற்று? நட்ட பின் கவனிக்காமல் விட்டது ஒரு காரணம். அதைவிட அடிப்படையானது, நடக்கூடாத மட்டத்தில் நட்டது. நம் நாட்டில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகக் குறைவு, ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே கண்டல் வாழக்கூடிய இடமும் கரையோரமாக ஒரு மெல்லிய பட்டைதான். எங்கள் வாவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோடையில் பாலமீன்மடு முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். நீர் வற்றிச் சேறு வெளியே தெரியும். வடகீழ்ப் பருவ மழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும்போது நீர் உயர்ந்து, முகத்துவாரம் திறக்கும்வரை நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நிற்கும். கண்டல் நீரில் நிற்கும் மரம்தானே என்று நினைக்கிறோம். அதன் வேரும் மூச்சு விட வேண்டும், இலையும் மூச்சு விட வேண்டும். ஒரு முழ உயரக் கன்று தலைக்கு மேல் நீர் நின்றால் மூழ்கிச் சாகும். ஆவணியில் சேற்றைப் பார்த்து நட்டவர்களுக்கு மார்கழி நினைவில் இல்லை. காக்காவுக்கு இருந்தது. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

அக்கரையில் தமிழ்நாட்டு முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் வேறு விதமாகச் செய்தார்கள். முன்பு காட்டைத் துண்டு துண்டாக மொட்டையடித்த இடங்களில் மண் தாழ்ந்து பள்ளமாகி, புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றி வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து எதுவும் முளைக்காமல் கிடந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே முதலில் வாய்க்கால் வெட்டி நீர் வந்து போக வழி செய்தார்கள். அதன் பிறகே வாய்க்கால் ஓரங்களில் கன்று வைத்தார்கள். நீர் சரியானதும் காடு திரும்பியது.

எல்லாம் ஒரே மரமா?

இரண்டாவது தவறு, எங்கே பார்த்தாலும் கண்டலையே நட்டது. அதற்கான காரணம் எளிது. கண்டலின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீளமாகத் தொங்கும். அதைப் பறித்துச் சேற்றில் குத்தினால் போதும், பாடசாலைப் பிள்ளைகள் ஒரு காலைப் பொழுதில் ஆயிரம் குத்திவிடுவார்கள். ஆனால் இந்த நாட்டில் உண்மையான கண்டல் தாவரங்கள் ஏறக்குறைய 20 இனங்கள் உண்டு. அல்லாஹ் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் இடத்தை வைத்திருக்கிறான். சிலவற்றை நீங்களே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கண்டலுக்கு முட்டுக்கால் வேர்கள். மரம் பல கால்களை ஊன்றி நிற்பது போலிருக்கும். இலையின் நுனியில் ஒரு சிறு கூர் இருக்கும். நைலோன் வலை வராத காலத்தில் அதன் பட்டையைக் காய்ச்சித்தான் வலைகளுக்குச் சாயம் ஏற்றினார்கள். கண்ணா என்பது வேறு. அதைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டு வைத்தாற்போல் நூற்றுக்கணக்கில் மூச்சு வேர்கள் நிமிர்ந்து நிற்கும். இலையின் அடிப்புறம் சாம்பல் வெள்ளை. இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும், ஏனென்றால் உறிஞ்சிய உப்பை அது இலை வழியே வெளியேற்றுகிறது. கடும் உப்பைத் தாங்குவதில் இதற்கு நிகர் குறைவு. தில்லை மரம் நீரை விட்டுச் சற்று மேட்டில் நிற்கும், விழும் முன் இலை சிவக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பிள்ளைகளை எச்சரித்து வையுங்கள். திப்பரத்தை சிறு மரம், தடித்த சிறிய இலை, வெள்ளைப் பூ, அதுவும் தரைப் பக்கம்தான். கிண்ணையோ உப்புக் குறைந்த, நன்னீர் வந்து கலக்கும் பக்கங்களை விரும்பும். நட்சத்திரம் போன்ற காம்பில் உட்கார்ந்திருக்கும் அதன் பழத்தைக் கரைத்துச் சர்பத் செய்வார்கள். சிங்களத்தில் கிரல என்பது இதைத்தான். நீல ஊதாப் பூவோடு முள்ளிலை விரித்து நிற்பது கழுதைமுள்ளி.

கண்ணாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் நகர மனமில்லை. தாவரவியலார் அந்த மரத்துக்கு வைத்திருக்கும் பெயர் 'அவிசென்னியா'. நமது இப்னு ஸீனாவை ஐரோப்பியர் அழைத்த பெயர் அவிசென்னா. அவருடைய மருத்துவ நூலைப் படித்து வளர்ந்த ஐரோப்பா அவர் நினைவாக இம்மரத்துக்குப் பெயரிட்டது. அரபியில் இது 'குர்ம்'. உங்கள் வீட்டில் யாராவது மஸ்கட்டிலோ அபூதாபியிலோ வேலை செய்திருந்தால் கேட்டுப் பாருங்கள், அல்குர்ம் என்ற இடத்தை அறிந்திருப்பார்கள். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஹனீஃபா அத்தீனவரி (நமது இமாம் அபூ ஹனீஃபா அல்ல, இவர் வேறு) தாவரங்களைப் பற்றி எழுதிய பெரும் நூலில் கடல்நீருக்குள் முளைக்கும் இந்த மரத்தின் அடிமரப் பருமனையும் பட்டையின் வெண்மையையும் குறித்திருப்பதாக அகராதி நூல்கள் எடுத்துக் காட்டுகின்றன. மரத்தின் அருகே போய் நின்று பார்த்து எழுதுவது நமக்குப் புதிய பழக்கம் அல்ல.

கயிறும் கொப்பியும் போதும்

இங்கிலாந்தில் அழிந்துபோன புதர்வெளிகளை மீட்டெடுப்பவர்கள், ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் எந்தச் செடி எவ்வளவு என்று ஆண்டுதோறும் எழுதி வைப்பார்கள். கண்டல் காட்டுக்கும் அதே முறைதான், சதுரம் மட்டும் பெரியது.

40 மீற்றர் கயிற்றில் 10 மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். நான்கு மூலையில் நான்கு கம்பு நட்டுக் கயிற்றைச் சுற்றினால் ஒரு சதுரம். இப்படிச் சதுரங்களை நீரின் ஓரத்திலிருந்து தரையை நோக்கி ஒரே நேர்கோட்டில் வைக்க வேண்டும். வசதியான இடத்தில் மட்டும் வைத்தால் கணக்கு பொய்யாகும். சதுரத்துக்குள் உள்ள ஒவ்வொரு மரமும் என்ன இனம் என்று எழுதி, தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், சுற்றளவை அளக்க வேண்டும். தையல் நாடாவே போதும். கண்டலுக்கு முட்டு வேர் உயரத்தில் தொடங்கினால் அந்த வேருக்கு மேலே அளக்க வேண்டும். சிறு நாற்றுகளை முழுச் சதுரத்திலும் எண்ணிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். ஆகவே மூலையில் 1 மீற்றர் சதுரம் ஒன்று வைத்து அதற்குள் மட்டும் எண்ணலாம். உயிரோடு இருப்பது, செத்தது, நட்டது, தானாக வந்தது என்று பிரித்து எழுத வேண்டும். நட்டதற்கு ஒரு துண்டு நாடா கட்டி வைத்திருந்தால்தான் பிறகு பிரித்தறிய முடியும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அதே சதுரத்துக்கே வர வேண்டும். எங்கள் பக்கத்தில் நீர் குறைந்த ஆடி, ஆவணி எண்ணுவதற்கு வசதி. மாரி வெள்ளம் வடிந்ததும் மாசி, பங்குனியில் இன்னொரு முறை பார்த்தால் எது மூழ்கிச் செத்தது என்பது தெரிந்துவிடும். ஒன்று சொல்ல மறந்தேன். வாவியில் முதலை உண்டு. மீனவர் ஒருவர் கூட இல்லாமல் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

எண்ணுவது எளிது, எண்ணியதைப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது முதல் கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி, நடாதது எத்தனை வந்திருக்கின்றன என்பது. கண்டல் மட்டும் ஒரே உயரத்தில் நிற்க, அதன் அடியில் ஒரு நாற்றுக்கூட இல்லை என்றால் அது தோட்டம். காடு என்று சொல்லத் தயங்க வேண்டும். கண்ணாவும் தில்லையும் தாமாக வந்து முளைத்திருந்தால் நீரும் மண்ணும் சரியாகி வருகின்றன என்று பொருள். மாறாக, சதுரத்துக்குள் உமரி ஆண்டுக்கு ஆண்டு படர்ந்துகொண்டே போனால் அங்கே நீர் வந்து போவது குறைந்து உப்பு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆளுயரப் பன்னம் அடர்ந்து மூடியிருந்தால் வேறு நாற்று நுழைய இடமிருக்காது, அதைக் குறைத்துக் கொடுக்காமல் எத்தனை கன்று நட்டாலும் வீண். 'ஆயிரம் மரம்' என்ற ஒற்றை எண்ணில் இவை எதுவுமே தெரியாது. இனம் இனமாக எழுதினால் மட்டுமே தெரியும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். குஞ்சு இறாலும் குஞ்சு மீனும் ஒளிந்து வளர்வது இந்த வேர்களுக்குள்தான். சந்தையில் இறால் விலை ஏறும்போது வீட்டில் உம்மாமார் படும் பாட்டுக்கும் ஆற்றங்கரையில் எது நிற்கிறது என்பதற்கும் தொடர்பு உண்டு.

கைபரின் பேரீச்ச மரங்கள்

நம்மவர்களில் சிலர், மரம் நட்டால் ஸதகா, நட்டாயிற்று, கூலி கிடைத்துவிட்டது, பிறகென்ன கணக்கு என்கிறார்கள். நிய்யத்துக்குரிய கூலியை நான் மறுக்கவில்லை. ஆனால் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்த ஹதீஸைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதில் ஸதகாவாகச் சொல்லப்படுவது, அந்த மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பது. செத்த குச்சியில் எது வந்து உண்ணும்?

மரங்களின் கணக்கெடுப்பு நமது ஷரீஅத்துக்கு அந்நியமும் அல்ல. ஃபிக்ஹ் படித்தவர்கள் 'கர்ஸ்' என்ற பாடத்தை அறிவார்கள். பழம் மரத்தில் இருக்கும்போதே அனுபவமுள்ள ஒருவர் தோட்டத்தைச் சுற்றி வந்து, இதில் இவ்வளவு தேறும் என்று மதிப்பிடுவது அது. ஹிஜ்ரி 7இல் கைபர் வெற்றி கொள்ளப்பட்ட பின், அங்குள்ள பேரீச்சந் தோட்டங்களை மதிப்பிட நபி (ஸல்) அவர்கள் அனுப்பியது அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்களை. தோட்டக்காரர்கள் தங்கள் பெண்களின் நகைகளைத் திரட்டி அவர் முன் வைத்து, மதிப்பைக் குறைத்துப் போடும்படி கேட்டார்கள். அவர் அதைத் தொடவில்லை. அவர்கள் மீது தமக்குள்ள வெறுப்பும் அநியாயமாகக் கூட்டிப் போட வைக்காது என்றார். இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் இந்தச் சம்பவம் இருக்கிறது. நான் கையெழுத்து வைத்த தாளை நினைக்கும்போதெல்லாம் இந்த ஸஹாபியின் நினைவும் சேர்ந்தே வருகிறது. எனக்கு யாரும் நகை தரவில்லை. ஒரு பேனாவை நீட்டினார்கள், அதுவே போதுமாக இருந்தது.

ஆகவே நட்டவரே எண்ணக்கூடாது, எண்ணுகிறவருக்கு நட்டவர் சம்பளம் கொடுக்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். மாணவ மாணவியர் எண்ணட்டும், மீனவர் வழிகாட்டட்டும், சந்தேகமான இலையை வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆசிரியர்களிடம் கொண்டுபோய்க் கேட்கலாம். மரம் நடும் திட்டத்துக்கு நீங்கள் ஸதகா கொடுப்பவராக இருந்தால், எத்தனை நட்டீர்கள் என்று கேட்காமல், மூன்றாம் ஆண்டில் எந்தெந்த இனம் எத்தனை நிற்கிறது, எந்தச் சதுரத்தில் எண்ணினீர்கள் என்று கேளுங்கள். இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை 2015இல் அறிவித்தது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபை நம் நாட்டின் கண்டல் மீளமைப்பை உலகின் முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அங்கீகரித்தது. பழைய தோல்விகளிலிருந்து கற்றுக்கொண்டு செய்வதாகச் சொல்லும் திட்டம் அது. பணம் இன்னும் வரும், பதாகைகளும் வரும், எங்கள் கரைக்கும் வரும். கையெழுத்துக் கேட்டும் வருவார்கள்.

சென்ற ஆவணியில் என் மாணவர்கள் சிலரோடு 2006இல் நட்ட அதே இடத்துக்குப் போனேன். அந்தக் காக்கா இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். அவருடைய மகன் வந்திருந்தார். நாங்கள் நட்ட மட்டத்தில் வைத்த சதுரத்தில் எழுத ஒன்றுமே இல்லை. ஒரு மாணவன் கொப்பியில் 'பூச்சியம்' என்று எழுதிவிட்டு, இதையும் எழுத வேண்டுமா என்று என்னைப் பார்த்தான். எழுதச் சொன்னேன். அதற்கு மேலே, கரையை ஒட்டி, நாங்கள் கைவைக்காத பகுதியில் கயிற்றைச் சுற்றினோம். யாரும் நடாத கண்ணா, நெஞ்சு உயரத்துக்கு மேலே சில, அடியில் நாற்றுகள் ஏராளம். நடுவே ஒரேயொரு தில்லை. மூலைக்கம்புகளைப் பிடுங்காமல் விட்டு வந்திருக்கிறோம். வெள்ளம் வடிந்த பிறகு, மாசியில் மறுபடி போக வேண்டும்.